ஆதிநாராயணனின் கழுத்து

ஆதிநாராயணனுக்கு இருபது வயது முடிந்த வாரத்தில் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை கிடைத்தது. ஐ.டி.ஐ.யில் லேத் கடைசல் வேலையான டர்னர் படித்தவன். லாரிக்கும் டிராக்டருக்கும் வேண்டிய போல்ட், புஷ் போன்ற சின்ன உருப்படிகளைக் கடைந்து தரும் கம்பெனி அது. ஷெட்டுக்குள் பதினாறு ஆட்டோ லேத்துகள். இரும்புக் கம்பியைப் பின்பக்கம் சொருகிவிட்டால் மெஷினே இழுத்து, கடைந்து, துண்டாக்கித் தட்டில் போடும். வெட்டுகிற இடத்தில் சூடு ஏறாமலிருக்க ஒரு குழாயிலிருந்து கட்டிங் ஆயில் ஊற்றிக்கொண்டே இருக்கும். சுற்றுகிற கம்பியில் பட்டு அது தெறிக்கும். தெறித்தது போக மிச்சம் புகையாகி ஷெட் முழுக்கத் தொங்கும். மத்தியான வெயிலில் ஜன்னல் பக்கம் நின்று பார்த்தால் அந்தப் புகை நீல நிறமாகத் தெரியும்.

ஒரு ஆளுக்கு மூன்று மெஷின். ஆதி சீக்கிரமே தொழிலைப் பிடித்துக்கொண்டான். கட்டிங் டூல் மழுங்குவதைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவான். பக்கத்து மெஷின்களைப் பார்த்துக்கொண்டிருந்த பரசுராமன் என்ற மூத்த ஆபரேட்டர் முதல் வருஷமே அவனை மெச்சிக்கொண்டார். எளாவூரிலிருந்து சைக்கிளில் வந்து போவான். சாயந்திரம் வீடு திரும்பியதும் ஸ்கூல் கிரவுண்டில் வாலிபால். அப்பா ஆரம்பாக்கம் செக்போஸ்ட் பக்கம் டயர் பஞ்சர் கடை வைத்திருந்தார். அம்மா இல்லை. வீட்டில் இரண்டே பேர். பெரிய குறை என்று எதுவும் இருந்ததில்லை.

இரண்டாவது வருஷம் முகத்தில் பரு வந்தது. வயசுப் பையன்களுக்கு வருகிற மாதிரி நாலைந்து இல்லை. கன்னம், தாடை, காதுக்குப் பின்னால், கழுத்து என்று கட்டிகட்டியாக வந்து சீழ் கோத்தது. முன்னங்கைகளிலும் தொடையிலும் மிளகைத் தூவினாற்போல் கரும்புள்ளிகள். தொடையில் எப்படி வரும் என்று அவன் யோசித்ததுண்டு. ஆயில் ஊறிய பேண்ட் எட்டு மணி நேரமும் அங்கேதான் ஒட்டிக்கொண்டிருந்தது என்பது அவனுக்குத் தோன்றவில்லை. பரசுராமன் கையிலும் அதே புள்ளிகள் இருந்தன. ஷெட்டில் பாதிப் பேருக்கு இருந்தன. எல்லோருக்கும் இருப்பதை யாரும் நோய் என்று நினைப்பதில்லை.

இரண்டாயிரத்து ஒன்று தை மாதம் ஊத்துக்கோட்டையில் ஒரு பெண்ணைப் பார்க்கப் போனார்கள். ஆதி, அப்பா, புரோக்கர் மூன்று பேர். பஜ்ஜியும் காபியும் வந்தன. பெண் வருவதற்கு முன்னால் கை கழுவ ஆதி பின்பக்கம் போனான். குழாயடிக்கு அந்தப் பக்கம் கீற்றுத் தடுப்புக்குப் பின்னால் பெண்ணின் மாமா பேசிக்கொண்டிருந்தார்.

"பையன் மூஞ்சப் பாத்தியாக்கா? ஐவேஸ் ரோட்டு பக்கம் வேலை, லாரிக்காரனுங்க சகவாசம். அந்த எய்ட்ஸ் நோவு வந்தவனுக்கு இப்டித்தான் சீழ் வெக்குமாம். போர்டுல படம் போட்டுக்கிறான்ல? நம்ம பொண்ண கொண்டுபோயி..."

ஆதி குழாயை மூடாமலே திரும்பி வந்தான். நாற்காலியில் உட்காரவில்லை.

"நைனா, போலாம் வா."

"இன்னாடா, பொண்ணு இன்னும் வர்ல."

"பாத்தா மாரிதான். வா நைனா."

வழியெல்லாம் அப்பா கேட்டுக்கொண்டே வந்தார். அவன் சொல்லவே இல்லை. கடைசிவரை அப்பாவுக்கு அது தெரியாது. ஆனால் அந்த வாரமே பொன்னேரியில் ஒரு தோல் டாக்டரிடம் போனான். டாக்டர் முகத்தை விளக்கில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எண்ணெய்ப் பலகாரம் சாப்பிடுவாயா என்று கேட்டார். என்ன வேலை என்று கேட்கவில்லை. ஆதியும் சொல்லவில்லை. சட்டையைக் கழற்றச் சொல்லியிருந்தால் ஒருவேளை கேட்டிருப்பாரோ என்னவோ. வெளியே இருபது பேர் டோக்கனோடு காத்திருந்தார்கள்.

"இது கொஞ்சம் ஸ்ட்ராங்கான மாத்திரை. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, சாப்பாட்டோட. நாலு மாசம்தான். நடுவுல ரத்தம் டெஸ்ட் பண்ணிக்கினு வந்து காட்டணும்" என்றார்.

மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் ரோட்டிலிருந்த மெடிக்கலுக்குப் போனான். கடைக்காரர் ஷேக் தாவூத், பழவேற்காட்டுக்காரர். அவர் குடும்பத்தில் எல்லோரும் இறால், கருவாட்டு வியாபாரம். மீன் வாடை ஒத்துக்கொள்ளாமல் இவர் மட்டும் மருந்துக் கடை வைத்தவர். அவர் எடுத்துக் கொடுத்தது ஜெல்லி மாதிரி வழுவழுப்பான குட்டி மாத்திரை. உள்ளே எண்ணெய்.

முதல் மாதம் முகம் இன்னும் மோசமானது. உதடு வெடித்து ரத்தம் கசிந்தது. பரசுராமன் பார்த்துவிட்டு, "இன்னாடா, பாம்பு மாரி தோல உரிச்சிக்கினு கீற?" என்று சிரித்தார். மூன்றாவது மாதம் கட்டிகள் வற்றின. நான்காவது மாதம் கன்னம் சமமாகிவிட்டது. தழும்பு இருந்தது, ஆனால் சீழ் இல்லை. ஆதி ஷேவ் செய்துகொள்ளும்போது கண்ணாடி முன்னால் நேரம்போவது தெரியாமல் நின்றான். இரண்டு தடவை டாக்டரிடம் போய்வந்தவன் மூன்றாவது தடவை போகவில்லை. சரியாகிவிட்டதே, இனி எதற்கு?

அடுத்த வருஷம் ஆவணியில் கல்யாணம் நடந்தது. பெண் செல்வி, பெரியபாளையம். பத்தாவது படித்துவிட்டுத் தையல் தைத்துக்கொண்டிருந்தவள். அதிகம் பேசமாட்டாள். ஆனால் பேசினால் நேராகப் பேசுவாள். புதுசாக வாங்கின சட்டை ஆதிக்குக் கொஞ்சம் பெரிதாக இருந்ததைப் பார்த்து, கல்யாணமான மூன்றாம் நாளே பிரித்துத் தைத்துக் கொடுத்தாள்.

ஐப்பசியில் மறுபடி ஒரு கட்டி வந்தது. இடது தாடையில், பட்டாணி அளவு. பிறகு கழுத்தில் இரண்டு. செல்வி கவனித்ததாகவே தெரியவில்லை. ஆனால் ஆதிக்குக் குழாயடியில் கேட்ட குரல் காதில் கேட்டது. செல்விக்கும் ஒரு மாமா உண்டு. அவரும் ரோட்டோரத்து போர்டுகளைப் பார்க்கிறவராக இருக்கலாம். மறுநாளே பழைய மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு தாவூத் கடைக்குப் போனான்.

"சீட்டு இருக்கா தம்பி?"

"டாக்டரு அப்ப எழுதிக் குடுத்ததுதான் பாய். உங்ககிட்டதானே வாங்கினேன்."

தாவூத் அட்டையைப் பார்த்தார். பெரிய டப்பாவிலிருந்து ஒரு அட்டையை உருவி எடுத்து, பத்து மாத்திரையைக் கத்தரியால் வெட்டிக் கொடுத்தார். அதற்குப் பிறகு சீட்டு கேட்கவில்லை. கடை வாசலில் சைக்கிள் நின்றதுமே அவர் கை அந்த டப்பாவுக்குப் போய்விடும். வருஷங்கள் ஓடின. இரண்டு மாதம் நிறுத்திப் பார்ப்பான், கட்டி வரும், மறுபடி தொடங்குவான். பிறகு நிறுத்திப் பார்ப்பதையே விட்டுவிட்டான். ஆயில் புகை அதிகமாக இருந்த கோடை மாதங்களில், யாரும் சொல்லாமலே, ஒரு நாளைக்கு மூன்று போட்டுக்கொண்டான்.

செல்வி ஒருநாள் சாப்பாட்டுப் பையில் அட்டையைப் பார்த்துவிட்டாள்.

"இது இன்னா மாத்திரை?"

"வைட்டமினு. நின்னுக்கினே வேலை பாக்குறோம்ல, ஒடம்புக்கு நல்லதாம்."

அவள் நம்பினாள். அன்றிலிருந்து மாத்திரை அட்டை அடுக்களை ஷெல்ஃபில் உப்பு டப்பாவுக்குப் பக்கத்துக்கு வந்துவிட்டது. காலையில் நாஷ்டா தட்டோடு ஒரு மாத்திரையை அவளே பிரித்து வைப்பாள். அவன் அவசரத்தில் கிளம்பினால் தெருமுனை வரை வந்து, "மாத்திரை போட்டீங்களா?" என்று கத்துவாள். ஊரில் அவனை "வைட்டமின் மாப்ள" என்று சிலபேர் கூப்பிடக்கூட ஆரம்பித்தார்கள்.

குழந்தை பிறந்தது, பெண். அப்பா இறந்துபோனார். வாழ்க்கை அதுபாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது.

இரண்டாயிரத்து ஆறில் ஒரு காலை, கட்டிலிலிருந்து இறங்கிக் காலை ஊன்றியதும் குதிகாலில் ஆணி ஏறினாற்போல் வலித்தது. பத்தடி நடந்ததும் கொஞ்சம் விட்டது. மறுநாளும் அப்படியே. சிமெண்ட் தரையில் நிற்பதால்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். கம்பெனிக்குப் பக்கத்து கிளினிக்கில் வலி மாத்திரையும், வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை வைக்கச் சொல்லி யோசனையும் கிடைத்தன. வலி மாத்திரையையும் வைட்டமினையும் சேர்த்தே விழுங்கினான்.

பிறகு இடுப்பு. தூங்கி எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு முதுகு மரப்பலகை போல விறைத்திருக்கும். குனிந்து செருப்பு மாட்ட முடியாது. வெயில் ஏற ஏறக் கொஞ்சம் இளகும்.

கழுத்து எப்போது தொடங்கியது என்று அவனுக்கே சரியாகத் தெரியாது. அது தெரிந்த நாள்தான் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கிரவுண்டில் எதிர்டீம் பந்தை உயரமாகத் தூக்கிப் போட்டது. ஆதி அண்ணாந்தான். கழுத்து பாதியில் நின்றுவிட்டது. வலியே இல்லை, கதவு நிலையில் இடித்து நிற்பதுபோல நின்றது. அவ்வளவுதான். பந்து தலைக்கு மேலே எங்கோ போய்ப் பின்னால் விழுந்தது. பசங்கள் கத்தினார்கள். அவன் உடம்பு முழுவதையும் திருப்பித்தான் பந்து எங்கே விழுந்தது என்று பார்க்க முடிந்தது. அதோடு கிரவுண்டுக்குப் போவதை விட்டான்.

ஷெட்டிலும் அது தெரிந்துவிட்டது. மூன்று மெஷின் பார்க்கிறவன் தலையை அப்படியும் இப்படியும் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஆதி பொம்மை மாதிரி முழு உடம்போடு திரும்பினான். தட்டு நிறைந்து உருப்படிகள் தரையில் கொட்டின. ஒருநாள் டூல் உடைந்ததைப் பார்க்காமல் விட்டு நூறு புஷ் வீணாயிற்று. சூப்பர்வைசர் எல்லோருக்கும் முன்னால் திட்டினார். பரசுராமன்தான், "ஒடம்ப ஒரு தபா பெரிய ஆஸ்பத்திரில காட்டுடா. சும்மா வலி மாத்திரைய தின்னுக்கினு..." என்றார்.

இரண்டாயிரத்து எட்டு ஆடி மாதம் செல்வியும் அவனும் பஸ் பிடித்துத் திருவள்ளூர் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தார்கள். அட்மிட் ஆகச் சொன்னாலும் சொல்வார்கள் என்று செல்வி மாற்றுத்துணி, தட்டு, டம்ளர் எல்லாம் ஒரு பையில் எடுத்து வந்திருந்தாள். எலும்பு டாக்டர் பெயர் ஹேமாம்புஜம். ஐம்பது வயசிருக்கும், திருவள்ளூர்க்காரர். கழுத்து, முதுகு, குதிகால் எல்லாவற்றுக்கும் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படங்களை விளக்குப் பலகையில் சொருகி ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"உங்க வயசு என்ன?"

"முப்பது மேடம்."

"கிட்ட வந்து பாருங்க. இது கழுத்தெலும்பு. ஒவ்வொண்ணும் தனித்தனியா இருக்கணும். முன்பக்கம் பாருங்க, மெழுகு வழிஞ்சு உறைஞ்ச மாதிரி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு வருது. நரம்பு மாதிரி எலும்பைக் கட்டிவெச்சிருக்கற தசைநார் எல்லாம் எலும்பா மாறிட்டிருக்கு. குதிகால்ல முள்ளு மாதிரி வளர்ந்திருக்கு. எழுபது வயசுல சிலபேருக்கு இப்படிப் பார்த்திருக்கேன். உங்க வயசுல இல்லை." கண்ணாடியைக் கழற்றினார். "வேற ஏதாவது மாத்திரை ரொம்ப நாளா சாப்பிடறீங்களா?"

"இல்ல மேடம். வலி மாத்திரைதான்" என்றான் ஆதி.

அவனுக்குப் பின்னால் நின்ற செல்வி, "வைட்டமின் மாத்திரை சாப்புடுவாரு மேடம். ஆறு வருசமா விடாம சாப்புடுறாரு" என்றாள். நல்ல பழக்கத்தைச் சொல்கிற குரலில்தான் சொன்னாள்.

ஆதியால் திரும்பி அவளைப் பார்க்க முடியவில்லை. செல்வி பையைத் துழாவி, துணிக்கு நடுவில் வைத்திருந்த மாத்திரை அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். ராத்திரி தங்க நேர்ந்தால் அவன் மாத்திரை போடாமல் இருந்துவிடக் கூடாதே என்று கொண்டு வந்தது அது.

டாக்டர் அட்டையைத் திருப்பிப் படித்தார்.

"இது வைட்டமின் இல்லம்மா. பருவுக்குப் போடறது. வைட்டமின் ஏ-க்கு உறவுன்னு வேணா சொல்லலாம்." ஆதியைப் பார்த்தார். "யார் எழுதிக் குடுத்தது? எத்தனை நாளைக்கு?"

"நாலு மாசம்னாங்க மேடம்."

"நீங்க ஆறு வருஷம்."

டாக்டர் அட்டையைக் கீழே வைத்தார்.

"டாக்டர் சொன்ன அளவுல, சொன்ன மாசத்துக்குச் சாப்பிட்டா பொதுவா எலும்புக்கு இந்த மாதிரி வராது. எத்தனையோ பேர் சாப்பிட்டு நல்லாத்தான் இருக்காங்க. வருஷக்கணக்கா, அதிக அளவுல எடுத்தவங்களுக்குத்தான் முதுகெலும்புல இப்படி வளர்றதைப் பார்த்து எழுதிவெச்சிருக்காங்க. உங்களுக்கு இதனாலதான் வந்ததுன்னு நான் சத்தியம் பண்ண முடியாது. வேற காரணத்துக்கும் ரத்தம் பார்ப்போம். ஆனா எனக்கு வேற ஒண்ணும் தோணலை."

"நிறுத்திட்டா சரியாப்பூடுமா மேடம்?" என்று செல்வி கேட்டாள்.

"வலி கொஞ்சம் குறையலாம். இனிமே வளர்றது மெதுவாகலாம். வளர்ந்த எலும்பு போகாதும்மா."

எழுதிக்கொண்டே வந்தவர் ஆதியின் கைகளைப் பார்த்து நிறுத்தினார். முன்னங்கையைப் பிடித்து விளக்கு வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். அந்தக் கரும்புள்ளிகள்.

"என்ன வேலை பார்க்கறீங்க?"

சொன்னான். ஆயில், புகை, தெறிப்பது, பேண்ட் ஊறுவது எல்லாம் ஒவ்வொன்றாக அவர் கேட்கக் கேட்கச் சொன்னான். தொடையிலும் இருக்கிறதா என்றார். இருக்கிறது என்றான்.

"நான் தோல் டாக்டர் இல்லை. ஆனா இது எனக்கே தெரியுது. இந்தப் பரு அந்த ஆயில்லேர்ந்து வந்தது. தோல்ல இருக்கற துவாரத்தை அது அடைச்சுக்கும். அதுல நின்னுக்கிட்டே மாத்திரை சாப்பிட்டா மாத்திரை இருக்கற வரைக்கும் அடங்கும், விட்டா வரும். அதான் நடந்திருக்கு."

ஆதி கேட்டான். "அப்ப அந்த மெஷின விட்டுட்டு வேற மெஷினுக்குப் போயிருந்தா?"

"கொஞ்ச மாசத்துல தானாவே குறைஞ்சிருக்கும்."

"மாத்திரையே இல்லாமலா?"

"இல்லாமலேதான்."

பஸ் ஏறினார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஆதியால் வெளியே பார்க்க முடியவில்லை. முன்சீட்டின் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தான். ஊத்துக்கோட்டையில் பஸ் கால் மணி நேரம் நின்றது. அங்கேதான் அவன் வாயைத் திறந்தான். பெண் பார்க்கப் போனது, குழாயடி, அந்த மாமா சொன்னது எல்லாவற்றையும் ஏழு வருஷத்துக்குப் பிறகு முதல்முறையாக ஒருத்தரிடம் சொன்னான். முன்சீட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

செல்வி கேட்டு முடித்தாள். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"புரோக்கர் எங்க ஊட்ல உங்க போட்டோ குடுத்தாரே, எந்த போட்டோ தெரியுமா? பழசு. மூஞ்சி பூரா கட்டி இருந்த போட்டோ. ஐ.டி. கார்டு மாத்தறப்ப எடுத்ததாம். எங்கம்மாகூட இன்னாடி இதுன்னுச்சு. நான்தான் பரவால்ல, கண்ணு நல்லா கீதுன்னு சொன்னேன்."

பஸ் கிளம்பிற்று.

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல" என்றாள். அப்புறம், கொஞ்சம் தூரம் போனதும், "நான்தானே டெய்லி பிரிச்சி வெச்சேன்" என்றாள். அந்த வாக்கியத்தை அவள் அதற்குப் பிறகு பலதடவை சொல்லியிருக்கிறாள். அவன் எத்தனை சமாதானம் சொன்னாலும் அது அவளை விட்டுப் போகவில்லை.

ஒரு வாரம் கழித்துத் தாவூத் கடைக்குப் போனான். வழக்கம்போல அவர் கை டப்பாவுக்குப் போனது.

"வேணாம் பாய். அந்த டப்பாவ மட்டும் குடுங்க, பாக்கணும்."

டப்பாவின் அடியில் நான்காக எட்டாக மடித்த ஒரு தாள் இருந்தது. அட்டையை வெட்டி வெட்டிக் கொடுத்ததில் அது எப்போதும் டப்பாவிலேயே தங்கிவிட்டது. இரண்டு பக்கமும் எறும்பு மாதிரி ஆங்கில எழுத்து. தாவூத் கண்ணாடி மாட்டி, போதாமல் பூதக்கண்ணாடியையும் எடுத்துவந்து, கல்லாவை விட்டு எழுந்து வாசல் வெளிச்சத்தில் நின்று படித்தார். நடுவில் ஒரு இடத்தில் விரல் நின்றது. எலும்பு என்ற சொல்லும் நீண்ட நாள் என்ற சொல்லும் அங்கே இருந்தன. அதை அவர் தமிழில் சொன்னார்.

"இருபது வருசமா கடை வெச்சிருக்கேன் தம்பி. இந்தத் தாள நான் பிரிச்சுப் படிச்சதே இல்ல. அல்லா மேல ஆணையா சொல்றேன்."

"பரவால்ல பாய்."

"என்னா பரவால்ல? நீ என்னை நாலு அறை அறைஞ்சாலும் வாங்கிக்குவேன்."

ஆதி அறையவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். யாரைக் கோபித்துக்கொள்வது என்று அவனுக்குத் தெரியவில்லை என்பதுதான் உண்மை. டாக்டர் நாலு மாசம் என்று சொல்லித்தான் கொடுத்தார். தாவூத் அவன் கேட்டதைக் கொடுத்தார். ஊத்துக்கோட்டை மாமா தன் அக்கா பெண்ணுக்காகப் பயந்தார். ராத்திரி படுத்தால் எல்லா வழியும் சுற்றி அவனிடமே வந்து நின்றது.

கம்பெனியில் டாக்டரின் கடிதத்தைக் கொடுத்தான். ஆயில் படாத வேலைக்கு மாற்ற வேண்டும் என்று எழுதியிருந்தது. மேனேஜர் படித்துவிட்டு மடித்து வைத்தார்.

"பதினஞ்சு பேரு அந்த மெஷின்ல நிக்கிறாங்க. உனக்கு மட்டும் ஆயில் ஒத்துக்கலையா? நீயா கண்ட மாத்திரைய தின்னுட்டு கம்பெனி மேல போட்டா எப்டிப்பா?"

அதற்கு என்ன சொல்வது என்று அவன் யோசித்துக்கொண்டிருந்தபோதே தீபாவளி வந்து போயிற்று. அந்த வருஷக் கடைசியில் எங்கேயும் ஆர்டர் இல்லை. சிப்காட்டில் ஒவ்வொரு கம்பெனியாக ஆள் குறைத்தார்கள். முதல் பட்டியலிலேயே அவன் பெயர் இருந்தது.

வேலை போன நான்கு மாதத்தில் கையிலிருந்த புள்ளிகள் மங்கின. மாத்திரையை நிறுத்தியதும் முகத்தில் திரும்பி வந்திருந்த கட்டிகள் மருந்தில்லாமலே வற்றின; புதிதாக ஒன்றுகூட வரவில்லை. டாக்டர் சொன்னது சரிதான் என்பதற்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. செல்வி இதைக் கவனித்தாள்.

கவரைப்பேட்டை பக்கம் ஒரு பழைய இரும்பு யார்டில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. உட்கார்ந்த வேலை என்று சந்தோஷப்பட்டான். ஐந்தாவது வாரம் யார்டுக்குள் லாரி ஒன்று ரிவர்ஸில் வந்தது. டிரைவர் ஹாரன் அடித்தான். சத்தம் இடப்பக்கத்திலிருந்தா பின்னாலிருந்தா என்று பார்க்க ஆதி காலை மாற்றி வைத்து முழுசாகத் திரும்புவதற்குள் லாரியின் பின்கதவு அவன் தோளில் இடித்துத் தள்ளிவிட்டது. பெரிய அடி இல்லை. ஆனால் யார்டு முதலாளி பயந்துவிட்டார். "உனக்கு ஒண்ணு ஆச்சின்னா எனக்குத்தான் பேஜாரு. கோச்சுக்காதப்பா" என்று அனுப்பிவிட்டார்.

பிறகு செல்வி வேலைக்குப் போனாள். இறாலை உரித்து ஐஸில் அடைத்து ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றின் வேன் காலை ஐந்தரைக்கு எளாவூர் வழியாக வரும். நாள் முழுக்கப் பனிக்கட்டித் தண்ணீரில் கை. சாயந்திரம் வரும்போது விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருக்கும். அவள் கைகளைத் தினமும் உற்றுப் பார்ப்பது ஆதிக்கு வழக்கமாகிவிட்டது. ஏதாவது புள்ளி, வெடிப்பு தெரிந்தால் உடனே கேட்பான். அவள், "ஒண்ணுமில்ல" என்று கையை இழுத்துக்கொள்வாள்.

இரண்டாயிரத்து ஒன்பது மழைக்காலத்தில் பரசுராமன் வாழைப்பழமும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ஆர்டர் மறுபடி வந்துவிட்டதாகச் சொன்னார். புதுசாகப் பசங்களை எடுத்திருக்கிறார்களாம், பாதிப்பேர் வடநாட்டுப் பசங்கள். ஆதி அவரிடம் ஆயிலைப் பற்றி விளக்கமாகச் சொன்னான். டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னான். ஷிப்ட் முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும், ஊறின பேண்டைத் தினமும் மாற்ற வேண்டும், புகையை இழுக்க ஃபேன் வைக்கச் சொல்லிக் கேளுங்கள் என்றான். அவர் தன் முன்னங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"கேட்டா குடுத்துருவானுங்களா? பாத்ரூம்ல தண்ணியே வர்ல. பசங்களுக்கு நம்ம பேசறதே புரியாது. சரி, நான் சொல்லிப் பாக்கறேன்."

எழுந்து செருப்பு மாட்டியவர் வாசலில் தயங்கினார்.

"ஆதி, ஒண்ணு கேக்கணும். என் மச்சான் பையன் நம்ம ஷெட்லதான் சேந்துக்கிறான். மூஞ்சி பூரா கட்டி. தையில அவனுக்குப் பொண்ணு பாக்கப் போறாங்கோ. உனக்கு அப்ப நாலே மாசத்துல மூஞ்சி பளிச்சுனு ஆச்சே... அந்த மாத்திரை பேரு இன்னா?"

"ண்ணா, இவ்ளோ நேரம் இன்னா சொல்லிக்கினு இருந்தேன்?"

"தெரியுதுடா. அவன் உன்ன மாரி ஆறு வருசம் சாப்புட மாட்டான். கல்யாணம் ஆவற வரிக்கும்தான்."

ஆதி பேர் சொல்லவில்லை. முதலில் அவனை ஆஸ்பத்திரியில் காட்டச் சொல்லுங்கள், டாக்டர் கொடுத்தால் டாக்டர் சொன்ன அளவுக்கு மட்டும் என்றான். பரசுராமன் சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார். அவர் முகம் கொஞ்சம் வாடியிருந்தது. இவனுக்கென்ன, பேரைச் சொன்னால் குறைந்தா போய்விடுவான் என்று நினைத்திருக்கலாம். பொன்னேரியில் கடைகளுக்குக் குறைவில்லை. தாவூத் இப்போது சீட்டு இல்லாமல் கொடுப்பதில்லை, ஆனால் பக்கத்துக் கடைக்காரர் கொடுப்பார்.

அந்த வருஷக் கடைசியில் சோறு தொண்டையில் நிற்க ஆரம்பித்தது. கழுத்தெலும்பின் முன்பக்கம் வளர்ந்தது உணவுக்குழாயை நெருக்குகிறது என்று ஹேமாம்புஜம் டாக்டர் சொன்னார். மாத்திரையை நிறுத்தி ஒன்றரை வருஷம் ஆகிவிட்டதே என்று செல்வி கேட்டாள். சிலருக்கு நிற்கும், சிலருக்கு நிற்காது, ஏன் என்று எங்களுக்கும் சரியாகத் தெரியவில்லை என்றார் டாக்டர். ஆபரேஷன் செய்யலாம், சென்னையில்தான் முடியும், ஆனால் கழுத்துப் பக்கம், நிச்சயம் சொல்ல முடியாது என்றார். எழுதிக் கொடுத்த கடிதத்தை வாங்கிக்கொண்டு வந்தார்கள். அது அலமாரியில் எக்ஸ்ரே கவருக்குள் இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் அடுத்த மாதம் போகலாம் என்று பேசிக்கொள்வார்கள்.

செல்வி வேனிலிருந்து இறங்கி வந்து, குளித்துவிட்டு, சோற்றை ரசத்தில் குழையப் பிசைந்து வைப்பாள். அவன் சின்னச் சின்னக் கவளமாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துச் சாப்பிடுவான். அதற்கு அரைமணி நேரத்துக்கு மேல் ஆகும். பக்கத்தில் உட்கார்ந்தால் அவனால் முகம் பார்த்துப் பேச முடியாது என்பதால் குழந்தையும் அவளும் அவனுக்கு நேர் எதிரில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொள்வார்கள். குழந்தை ஸ்கூலில் நடந்ததை எல்லாம் சொல்லும். பாதியில் தூங்கிவிடும். அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை செல்வி கண்ணை மூடாமல் உட்கார்ந்திருப்பாள், தொண்டையில் ஏதாவது நின்றுவிடுமோ என்று.